இறக்கிய 407 இடப்பக்கம் சாய்ந்தபோது: வேலூர் சர்வீஸ் ரோட்டில் ஒரு பட்டைப் பட்டறை

மினி லாரிக்குப் பட்டை வேலை, அதாவது பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் வேலை, செய்ய வேலூரில் நம்பகமான இடம் எது என்று கேட்பவர்களுக்கு, சத்துவாச்சாரிப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருக்கும் ஒரு சிறிய பட்டறையைத் தயங்காமல் சொல்வேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் பழைய பட்டைகளும், பட்டையை வைத்து அடிக்க வேப்பமரத்தடியில் பதித்த இரும்புப் பட்டடையும்தான் அடையாளம். பின்பக்க உயரத்தைக் குறைத்த பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கத் தொடங்கிய எங்கள் டாடா 407 வண்டியை அங்கேதான் சரிசெய்தோம். வேலை முடிந்து, கோடைக் கலியாணங்கள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்னதானங்கள் என்று முழுப் பாரத்துடன் ஒரு பருவம் ஓடி முடித்த பிறகே இதை எழுதுகிறேன். பட்டை வேலையை முதல் வாரத்திலேயே பாராட்டுவது சரியல்ல.

குடியாத்தத்தில் எங்களுக்குப் பந்தல், பாத்திர வாடகைத் தொழில். 407 வண்டியை முன்பு வைத்திருந்தவர் செங்கல் ஏற்றியவர். அதனால் பின்பக்கம் இரு புறமும் கம்பெனி கொடுத்ததற்கு மேல் இரண்டிரண்டு பட்டைகளைக் கூடுதலாகப் போட்டிருந்தார். செங்கல்லுக்கு அது பொருந்தியிருக்கலாம். எங்களுக்கு அதனால் தொல்லைதான். வெற்று வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் எகிறிக் குதித்தது, நாற்காலி அடுக்குகள் சரிந்தன, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய அண்டாக்களையும் இட்லிப் பானைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்ததால் ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டுத் தளத்தைப் பழைய உயரத்துக்கு இறக்குவது என்று முடிவு செய்தோம்.

அந்த வேலையை முதலில் வேறோர் ஊரில் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்தோம். வண்டி இறங்கியது உண்மை. ஆனால் இடப்பக்கம் அதிகமாக இறங்கியது. பின்னால் நின்று பார்த்தாலே பம்பரின் கோணல் தெரிந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, இடப்பக்கம் ஆக்சிலுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) பட்டைக் கட்டுக்கும் நடுவில் 25 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்றைப் பேக்கிங்காக வைத்து அனுப்பினார்கள். அன்றைக்கு வண்டி நேராக நின்றது. பிறகு சிறிது சிறிதாகச் சாய்வு திரும்பியது. பாரம் ஏற்றினால் கூடியது, அழுத்திப் பிரேக் போட்டால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது.

சர்வீஸ் ரோட்டுப் பட்டறையின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. அங்குள்ள மூத்த மேஸ்திரியை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, டேப்பை எடுத்தார். “ஒரு பக்கம் கட்டை வெச்சா இன்னிக்கு நிக்கும் சார். எதனால படுத்துச்சுன்னு பாக்காம விட்டா, மறுபடியும் படுத்துக்கும்” என்றார். பிறகு நடந்த சோதனைகளை ஒவ்வொன்றாக எழுதுவது, இதே சிக்கலில் இருக்கும் மற்ற வண்டிக்காரர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் தரையைச் சோதித்தார்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாயை நான்கு சக்கரங்களும் நிற்கும் இடத்தில் பிடித்துப் பார்த்து, சிமெண்ட் தரையில் மட்டமாக இருந்த ஒரு பகுதிக்கு வண்டியை நகர்த்தினார்கள். தரை ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் பள்ளமாக இருந்தால், இல்லாத சாய்வுக்கு வைத்தியம் பார்க்க நேரிடும். அடுத்து எல்லா டயர்களிலும் காற்றை அந்தந்த ஆக்சிலுக்குச் சமமாக்கினார்கள். பின்பக்க இரட்டை டயர்களில் வலப்பக்கம் புதியது, இடப்பக்கம் தேய்ந்தது என்பதை அப்போதே குறித்துக்கொண்டார்கள். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். 60 லிட்டர் டீசல் ஏறக்குறைய 50 கிலோ எடை கொண்டது, அது வண்டியின் அடிச்சட்டமான சேசின் ஒரு புறத்தில்தான் தொங்குகிறது. ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய் என்று ஒரு பக்கமாகக் கிடந்த எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள்.

பிறகு பேக்கிங் துண்டை எடுத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னுமாகச் சில கெஜம் ஓட்டி, பாடியைப் பிடித்து இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டார்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை உடனே அளந்தால் அளவு பொய்யாக வரும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால், வண்டி உண்மையான உயரத்துக்கு இறங்காமல் சில மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும். இதைப் பல பட்டறைகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அளவு இரண்டு விதமாக எடுக்கப்பட்டது: தரையிலிருந்து சேஸ் வரை ஒன்று, சக்கரத்தின் மையத்திலிருந்து சேஸ் வரை மற்றொன்று. தரையிலிருந்து அளந்தால் இடப்பக்கப் பின்மூலை 36 மி.மீ. தாழ்ந்திருந்தது, சக்கர மையத்திலிருந்து அளந்தால் 31 மி.மீ. நடுவில் இருக்கும் 5 மி.மீ. டயர் தேய்மானத்தின் கணக்கு, அதற்கும் பட்டைக்கும் தொடர்பில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் தரையளவை மட்டும் வைத்துப் பட்டையைத் திருத்தினால், புது டயர் போடும் நாளில் வண்டி எதிர்ப்பக்கம் சாயும்.

முன்பக்கத்திலும் இடது புறம் 7 மி.மீ. தாழ்ந்திருந்தது. அப்படியானால் முன்பட்டையும் கெட்டுவிட்டதா என்று எனக்குக் கவலை வந்தது. ஒரு மூலை தாழ்ந்தால் குறை அந்த மூலையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சேஸ் விறைப்பான சட்டம் என்பதால், முன்னால் இருக்கும் குறை பின்னாலும் பின்னால் இருக்கும் குறை முன்னாலும் தெரியும். அதைப் பிரித்தறிய அவர்கள் செய்தது எளிய சோதனை. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஒரே ஒரு ஜாக்கியை வைத்து, முன்சக்கரங்கள் மேல் பாரம் இல்லாதபடி தூக்கினார்கள். ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் வைக்கக் கூடாது. சேஸ் சட்டத்தில்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் முன்பட்டைகள் கணக்கிலிருந்து விலகும். சேஸ் ஒற்றைப் புள்ளியில் தங்கி நிற்கும்போது, சாய்வைத் தீர்மானிப்பது பின்பட்டைகள் மட்டுமே. பின்சாய்வு அப்படியே இருந்தது. பிறகு பின்னால் நடுவில் தூக்கிப் பார்த்தார்கள், முன்பக்கம் நேராகிவிட்டது. ஆகவே முன்பட்டையில் குறையே இல்லை, பின்னால் இருந்த சாய்வுதான் முன்பக்கத்தையும் இழுத்திருக்கிறது. முன்பட்டையையும் கழற்ற வேண்டும் என்று சொல்லி இரட்டைக் கூலி வாங்கியிருக்க முடியும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பாரச் சோதனை. பக்கத்துக் கட்டுமானப் பொருள் கடையிலிருந்து 20 மூட்டை சிமெண்டை, அதாவது ஒரு டன் எடையை, இரவல் வாங்கி, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இடமும் வலமும் சமமாக அடுக்கி, மறுபடி அளந்தார்கள். 31 மி.மீ. வித்தியாசம் 37 ஆனது. பட்டையின் வளைவு மட்டும் குறைந்திருந்தால், பாரம் ஏற்றினாலும் இறக்கினாலும் வித்தியாசம் பெரிதாக மாறாது. பட்டையின் விறைப்பே இரு பக்கமும் வேறாக இருந்தால், பாரம் கூடக் கூட வித்தியாசமும் கூடும். எங்கள் வண்டியில் இரண்டு குறைகளும் சேர்ந்தே இருக்கின்றன என்பது, பட்டைக் கட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பேக்கிங் துண்டு வளைவுக் குறையை மறைக்கும். விறைப்புக் குறையை அதனால் எதுவும் செய்ய முடியாது. முதல் பட்டறையின் வைத்தியம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

பேக்கிங் துண்டை எடுப்பதற்கு முன்பே, முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை இரு புறமும் டேப்பால் அளந்திருந்தார்கள், அதில் இன்னொரு செய்தி வெளிவந்தது. இடப்பக்கம் 9 மி.மீ. குறைவு. பட்டைக் கட்டை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேலுள்ள இருக்கையின் குழியில் சரியாக உட்கார்ந்தால்தான் ஆக்சில் தன் இடத்தில் நிற்கும். வைத்திருந்த பேக்கிங் துண்டில் அந்தத் தலைக்கான குழியும் இல்லை, கீழே இருக்கையில் பொருந்தும் முளையும் இல்லை. பட்டைக் கட்டை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டின் வெறும் இறுக்கத்தில்தான் அத்தனை நாளும் ஆக்சில் நின்றிருக்கிறது. அது நகரத் தொடங்கியிருந்தது. அண்டா, அடுப்பு, ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு பள்ளிகொண்டா வழியாக நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி அது. சாய்வை வெறும் தோற்றக் குறை என்று நினைத்துத் தள்ளிப்போடும் வண்டிக்காரர்கள் இந்த ஓர் இடத்தையாவது உடனே பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுகளைக் கழற்றிப் பிரித்துப் போட்டபோது காரணங்கள் கண்ணுக்கே தெரிந்தன. பட்டைகளின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் வலப்பக்கம் கம்பெனிப் பட்டைகளை வைத்துவிட்டுச் செங்கல்காரர் போட்ட கூடுதல் பட்டைகளை எடுத்தவர்கள், இடப்பக்கம் கம்பெனிப் பட்டை இரண்டை எடுத்துவிட்டுக் கூடுதல் பட்டைகளை உள்ளேயே விட்டிருந்தார்கள். வெர்னியர் வைத்துப் பார்த்ததில் மற்றவை 8 மி.மீ. கனம், இவை இரண்டும் 7 மி.மீ. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், மற்ற அளவுகள் சமமாக இருக்கும்போது 8 மி.மீ. பட்டை 7 மி.மீ. பட்டையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பானது.

இரண்டாவது காரணம் இடப்பக்க இரண்டாம் பட்டையில் இருந்தது. அதன் நடுப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் கருப்பும் கலந்த ஒரு கறை படர்ந்து, ஓரங்களில் செதிள் உரிந்திருந்தது. கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவைத் தட்டி இறக்கிய அடையாளம் அது. பட்டை இரும்பு, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. கண்ட இடத்தில் கேஸ் சுடரைக் காட்டினால் அந்தப் பதம் அந்த இடத்தில் போய்விடும். பதம் போன பட்டை முதல் நாள் சரியாகவே நிற்கும். பிறகு ஒவ்வொரு பாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளைவை இழந்து, திரும்பி எழாது. பேக்கிங் வைத்த பிறகும் சாய்வு படிப்படியாகத் திரும்பியதன் காரணம் இதுவே. பிரித்த பட்டைகளின் இரு முனைகளுக்கு நடுவே நூலைக் கட்டி, நூலிலிருந்து பட்டையின் நடுவரை உள்ள ஆழத்தை இடம், வலம் ஒப்பிட்டு எனக்கே காட்டினார்கள். இடப்பக்கக் கட்டின் வளைவு 22 மி.மீ. குறைந்திருந்தது. மீதி வித்தியாசத்தை மெலிந்த பட்டைகளும், பட்டையின் முனையைச் சேசோடு இணைக்கும் இடத்தில் கிரீஸ் காணாமல் இறுகிக் கிடந்த ஷேக்கிள் பின்னும் பங்கிட்டுக்கொண்டிருந்தன.

வேலை முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. சூடுபட்ட பட்டைக்கும் மெலிந்த இரண்டுக்கும் பதிலாக அதே அகலமும் 8 மி.மீ. கனமும் உள்ள புதுப் பட்டைகளைப் போட்டார்கள். கட்டின் மேலே இருக்கும் மெயின் பட்டையின் சிறிய வளைவுக் குறையைச் சூடே காட்டாமல், பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் குளிர்நிலையிலேயே அடித்து ஏற்றினார்கள். ஒருவர் பட்டையை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்த, மற்றவர் ஒரே சீரான அடியாக அடித்துக்கொண்டு போக, நடுநடுவே நூலைப் போட்டு வலப்பக்கப் பட்டையோடு ஒப்பிட்டார்கள். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி, சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதிதாகவே போட்டார்கள். பழைய யூ போல்ட்டின் மரை ஒருமுறை இழுபட்டுவிட்டது என்பதால் அதை மறுபடி பயன்படுத்த மறுத்துவிட்டார்கள். ஷேக்கிள் பின்களைக் கழற்றிக் கழுவி கிரீஸ் ஏற்றினார்கள். யூ போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை வண்டியின் எடை சக்கரங்கள் மேல் வந்த பிறகு, குறுக்கும் மறுக்குமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

தளத்தை இன்னும் ஒரு பட்டை அளவுக்கு இறக்கினால் ஏற்றுவது மேலும் சுலபமாகுமே என்று நான் கேட்டதற்கு, முடியாது என்று பாய் சொல்லிவிட்டார். கம்பெனி கொடுத்த பட்டைக்குக் கீழே போனால் ஆக்சில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும், ஷாக் அப்சார்பர் முழுதும் அமுங்கிக் கெடும் என்பது ஒரு காரணம். பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு சொல்வதும், எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் வண்டிக்காரன்தான் என்பதும் இன்னொரு காரணம். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் பட்டறையை நம்பலாம் என்பது என் கருத்து. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் உயரம் குறைந்தால், வெற்று வண்டியைக்கூட அந்த வால்வு பாரவண்டி என்று எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களை இறுகப் பூட்டிவிடும் என்பதையும் அவரே எச்சரித்தார். அத்தகைய வண்டியை இறக்குபவர்கள் வால்வின் கம்பியையும் சேர்த்துச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது குறைகள். சொன்ன நேரத்தில் வண்டி கிடைக்கவில்லை. புதுப் பட்டை வரத் தாமதம் என்பது உண்மையான காரணமாகவே இருக்கலாம், ஆனால் அதைக் காலையிலேயே போனில் சொல்லியிருந்தால் கையில் ஏற்றிருந்த ஓர் ஆர்டருக்கு வாடகை வண்டி ஏற்பாடு செய்திருப்போம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லை. நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரில் கை அனுபவத்தை நம்பியே இறுக்குகிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக அளப்பவர்கள் இறுக்கத்தையும் அளந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர்களிடமே சொன்னேன். அச்சடித்த பில் கிடையாது, கேட்டால் துண்டுத்தாளில் எழுதித் தருகிறார்கள், ஜி.எஸ்.டி. பில் வேண்டிய நிறுவன வண்டிகளுக்கு இது ஒத்துவராது. வீல் அலைன்மெண்ட் வசதி இல்லாததால், ஆக்சில் நகர்ந்திருந்த எங்கள் வண்டியை அதற்காக வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. காத்திருப்பவர்களுக்கு வேப்பமர நிழலைத் தவிர வேறு இடமில்லை. வேலூர் வெயிலில் மதியத்துக்கு மேல் அந்த நிழலும் நகர்ந்துவிடுகிறது.

பட்டைகள், போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. முதல் பட்டறையில் கொடுத்ததைவிட இது அதிகம்தான், ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னார்கள். கழற்றிய பழைய பட்டைகளையும் கேட்காமலே வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள். காயில் ஸ்பிரிங், ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளை அங்கே கொண்டுபோகப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களே அந்த வேலையை எடுப்பதில்லை. பட்டை வண்டிக்காரர்கள் போகும்போது டயர்களில் காற்றைச் சரிபார்த்து, பாடியைக் காலிசெய்து, டீசலை அரைத் தொட்டி அளவில் வைத்துக்கொண்டு காலையிலேயே போவது நல்லது.

வேலை முடிந்த அன்று சக்கர மையத்திலிருந்து எடுத்த அளவில் இடம், வலம் வித்தியாசம் வெற்று வண்டியில் 4 மி.மீ., அதே சிமெண்ட் மூட்டைகளோடு 5 மி.மீ. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போனபோது நான்கில் இரண்டு நட்டுகள் கால் திருகு அளவுக்கு இடம் கொடுத்தன. இறுக்கிவிட்டு, மறுபடி அளந்து பார்த்து, கூலி எதுவும் வாங்காமல் அனுப்பினார்கள். பருவம் முடிந்து நானே அளந்தபோதும் வெற்று வண்டியில் 4 மி.மீ.தான் இருந்தது. பின்பக்க இடது டயர்களை மாற்றியதும் தரையளவையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.